ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒரு தீவுக்கு!

தீவு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கடல், கப்பல், தென்னந்தோப்பு, பெட்டி படுக்கை, ஏகப்பட்ட செலவு... இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மடியில் இருக்கும் குழந்தை 'தண்ணி' என்று கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தீவு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கம்!

எங்கள் ஊர் வெள்ளகோவில். விசைத்தறியும் முருங்கையுமாய்ப் பிழைக்கிற வறண்ட சீமை. பக்கத்தில் வட்டமலைக்கரை அணை இருக்கிறது. வருஷக்கணக்கில் தண்ணீரே பார்க்காமல் கிடந்த அணை அது. ஆகவே ஆறு, தீவு என்றெல்லாம் பேசினாலே எங்களுக்குக் கொஞ்சம் பரவசம்தான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மாமியார். வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷம் தறிக்குத் தார் சுற்றிய கை. அறுந்த நூலை ஒரு பார்வையில் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டவருக்கு, இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. இரண்டு கண்ணிலும் புரை, ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, "முருங்கை சீசன் முடியட்டும்", "ஆடி கழியட்டும்", "தீபாவளி வரட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனார்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். "அம்மணி, கத்தி வெக்கறதுக்கு எனக்குப் பயமில்ல. ஆனா இருக்கற கொஞ்சம் வெளிச்சமும் போயிருச்சுன்னா? அதுக்கு முந்தி ஒருக்கா சீரங்கம் போய், பள்ளிகொண்ட பெருமாளைக் கண்ணாரப் பாத்துப்போடறேன். சின்னதுல எங்கய்யன் தோள்ல உக்காந்து பாத்தது."

"போலாமுங்க அத்தை" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. காங்கயத்தைத் தாண்டி நான் தனியாகப் போனதே கிடையாது! என் கணவருக்கோ அந்த வாரம் முழுக்க நூல் லோடு. "ரெண்டு பொம்பளைங்க, ஒரு சின்னப் புள்ளை. எப்படிப் போவீங்க? அடுத்த மாசம் கார் பேசிக்கலாம்" என்றார். அந்த 'அடுத்த மாசம்' எங்கள் வீட்டில் எத்தனை வருஷமாக வராமலே இருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்! பஸ்ஸிலேயே போவதென்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு மெயின் ரோட்டில் நின்றோம். நான், அத்தை, நாலு வயதுப் பெண். தென்னிலை, க. பரமத்தி வழியாகக் கரூர். அங்கே இறங்கித் திருச்சி பஸ். மாயனூர் வரும்போது கிழக்கு வெளுத்தது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! இந்தப் பக்கம் வாழை, அந்தப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், இடையிடையே வாய்க்கால். எங்கள் ஊரின் வேலிமுள்ளும் பனையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

குளித்தலை, பெட்டவாய்த்தலை தாண்டினால் முக்கொம்பு. நாங்கள் பார்க்கப் போகும் தீவு பிறக்கிற இடமே இதுதான். அகண்டமாக வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது. வலது கை காவிரி, இடது கை கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருப்பதால், விட்டால் தண்ணீர் முழுவதும் அதிலேயே ஓடிவிடும். தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு, வெள்ளத்தில் அந்தப் பழைய அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. டி.வி.யில் பார்த்துப் பதறியது நினைவிருக்கும். பிரிந்த இரண்டு கைகளும் கிழக்கே கல்லணைக்கு அருகில் மறுபடி நெருங்குகின்றன. நடுவில் முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கலாகக் கிடக்கிறது நம் தீவு.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முகம் கழுவி, பெண்ணுக்குப் பால் வாங்கிக் கொடுத்தேன். "ஸ்ரீரங்கம் பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று பூக்காரம்மாவைக் கேட்டதற்கு அவர் சிரித்தே விட்டார். "ஒண்ணாம் நம்பருக்கு ஏதும்மா டயம்? ஒண்ணு போனா பின்னாலயே ஒண்ணு!"

நிஜம்தான். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இந்த ஒன்றாம் நம்பர் பஸ் பகலென்றும் இரவென்றும் பாராமல் இணைத்துக்கொண்டே இருக்கிறது. அத்தை கேட்டுவிட்டு, "நம்ம தறி நாடா மாதிரின்னு சொல்லு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமா ஓடிட்டே இருக்குது" என்றார். தறி ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் புரியும்படி யார் சொல்ல முடியும்!

அத்தை சுருக்குப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். கண்டக்டர் வாங்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அது நம்ம ஊர் பஸ்ஸில் மட்டும்தான் என்று நினைத்திருந்தாராம்! "அப்போ இது பெருமாள் உண்டியலுக்கு" என்று காசைத் தனியே முடிந்துகொண்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. இந்தப் பாலம் 1976-ல் திறந்தது. இடது பக்கம் தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. "அத்தை, கோபுரம்!" என்றேன். அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "வெள்ளையா மங்கலா என்னமோ தெரியுது" என்றார். எனக்குத் தொண்டையை அடைத்தது.

முதலில் அம்மா மண்டபம் படித்துறை. ஆடிப் பெருக்கன்று ரங்கநாதர் இங்கே எழுந்தருளிக் காவிரித் தாய்க்குச் சீர் கொடுப்பார். பட்டுச் சேலை, மாலை, தாம்பூலம் எல்லாம் ஆற்றுக்குப் போகும். பிறந்த வீட்டிலிருந்து சேலை வருவது எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தோஷமில்லை? ஆனால் படியோரத்தில் ஜனங்கள் அவிழ்த்து விட்டுப்போன பழைய துணிகள் மிதந்ததைப் பார்த்தபோது மனம் சங்கடப்பட்டது.

அத்தை இரண்டு படி மட்டும் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். "நம்ம நொய்யலும் இதுலதான வந்து சேருது?" என்று கேட்டார். அவர் பிறந்த ஊர் நொய்யல் கரை. குடித்த தண்ணீர் பிறகு சாயத் தண்ணீரானதைக் கண்ணால் பார்த்தவர். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அந்த ஆற்றுக்காகத்தான். நாம் உடுத்துகிற கலர் எல்லாம் எங்கோ ஒரு ஆற்றைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது என்று அன்றைக்கு அந்தப் படியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், சகோதரிகளே, குளித்த துணியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆற்றில் விடாதீர்கள்.

அங்கிருந்து ராஜகோபுரம். அண்ணாந்து பார்த்து என் பெண்ணுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்! 236 அடி, பதிமூன்று நிலை. பல நூறு ஆண்டுகள் அடித்தளத்தோடு நின்று போயிருந்ததை, அகோபில மடத்து ஜீயர் முயற்சியால் 1987-ல் முடித்தார்கள். மொத்தம் ஏழு பிராகாரம், இருபத்தொரு கோபுரம், 156 ஏக்கர். வெளிப் பிராகாரங்களில் கடை, வீடு, காய்கறி வண்டி, துணி காயும் கொடி எல்லாமே உண்டு. கோயிலுக்குள் ஊரா, ஊருக்குள் கோயிலா என்று கேட்கத் தோன்றும்.

உள்ளே துலுக்க நாச்சியார் சந்நிதி. பெருமாள் மீது பிரியம் வைத்து டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகள் என்பது ஐதீகம். அவருக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். சில நாட்களில் பெருமாள் கைலி உடுத்துகிறார் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னதும் அத்தைக்கு ஒரே ஆச்சரியம். "கைலியா? நம்ம தறியில ஓடுதே, அந்தக் கைலியா!" சாமி நம் சொந்தக்காரர் ஆகிவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு அந்த முகத்தில்.

வரிசை நகர்ந்து மூலஸ்தானம் வந்தது. தெற்கே பார்த்து ஆதிசேஷன் மேல் நீளப் படுத்திருக்கும் திருமேனி. சுதையால் ஆனது, அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புத்தான். விளக்கு வெளிச்சத்தில் கரிய திருமுகத்தைப் பார்த்து நான் கை கூப்பி நின்றேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க அம்மணி முகம்?"

"இங்க பாருங்க அத்தை, இடது கைப் பக்கம். தீபம் காட்டறாங்களே."

"தீபந்தான் ரெண்டா மூணாத் தெரியுது... முகத்தைக் காணோமே!"

"நகருங்க, நகருங்க" என்றார்கள். நகர்ந்துவிட்டோம். வெளியே வந்து தூணோரம் உட்கார்ந்து அவர் சத்தமில்லாமல் அழுதார். என் பெண் தன் பாவாடை நுனியால் அப்பத்தாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

தீவைவிட்டுப் போகுமுன் திருவானைக்காவையும் பார்த்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்தோம். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த்தலம். அகிலாண்டேசுவரி அம்மன் தண்ணீரையே லிங்கமாகப் பிடித்துப் பூஜை செய்ததாக வரலாறு. அதனால் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் சேலை உடுத்தி, கிரீடம் வைத்து, அம்மனாகவே சென்று சுவாமிக்குப் பூஜை செய்கிறார். மேளதாளத்தோடு அந்தச் சேலை எங்கள் பக்கத்தில் கடந்தபோது அத்தை கும்பிட்டார். "சேலை கட்டினா அவரும் ஆத்தாதான்" என்றார். கொஞ்சம் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

கொண்டு போயிருந்த புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் சாப்பிட்டுவிட்டு மறுபடி பஸ் பிடித்தோம். பாலத்தின் நடுவில் அத்தை திரும்பிக் கோபுரம் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏங்கண்ணு, அந்த ஆசுபத்திரிக்கு எந்தக் கிழமை போலாம்?"

கண் போவதற்கு முன் பார்க்க வந்தவருக்கு, பார்க்க வேண்டுமானால் கண் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நானும் டாக்டரும் ஆறு மாதமாகச் சொல்லி நடக்காததை ஒரு நாள் பயணம் நடத்திவிட்டது!

அடுத்த மாதமே ஒரு கண்ணில் ஆப்பரேஷன். கண்ணுக்குள் வெளுத்துப்போன லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்கிறார்கள். மரக்க மருந்து கொடுத்ததால் வலியே தெரியவில்லை என்றார். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொட்டு மருந்தைத் தவறாமல் விடுவதும், கண்ணில் தண்ணீர் படாமல், கசக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் நம் வேலை. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் 'விளக்கு இரண்டாகத் தெரிகிறது', 'வெளிச்சம் கூசுகிறது' என்றால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் தள்ளிப் போடுவது பிடிவாதத்தால் அல்ல, பயத்தால். அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லவிட்டுக் கேளுங்கள்.

இப்போது அத்தை நான் பொறுக்கிய அரிசியில் கல் கண்டுபிடித்து என்னைத் திட்டுகிறார். ஆனந்தமாக வாங்கிக்கொள்கிறேன். அடுத்த கண்ணும் முடிந்ததும் மறுபடி ஒன்றாம் நம்பர் பஸ். இந்தத் தடவை முன் ஸீட்டு தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

நீங்களும் போவதானால்:

* சனி, ஞாயிறு, ஏகாதசி தவிர்த்த நாளாகப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசியின்போது கைக்குழந்தையோடு வேண்டவே வேண்டாம்.

* தனியார் டவுன் பஸ்களும் அதே வழியில் ஓடுகின்றன. அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறுமுன் பார்த்து ஏறுங்கள்.

* மத்தியானத்தில் நடை சாத்தும் நேரம் உண்டு. திருவானைக்காவில் உச்சிக்காலப் பூஜை பார்க்கப் பன்னிரண்டுக்கு முன்பே இருங்கள்.

* வெயில் ஏறினால் கல் தரை சுடும். குழந்தைக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

* படித்துறையில் கம்பியைத் தாண்டி இறங்காதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள்.

* நடக்க முடியாதவர்களுக்குக் கோயிலில் பேட்டரி கார் இருக்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள்.

* சாப்பாடு கட்ட நேரமில்லையா? ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-லிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது.