சோம்பேறி என்று சொன்னது நாங்கள்தான்

கூலி உயர்வு கேட்டபோதெல்லாம் நம் அப்பா அம்மாக்கள் காதில் விழுந்த சொல் 'சோம்பேறி'. அதே சொல்லை எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண் தோழரைப் பற்றி நாங்களே சொன்னோம். அதுவும் முதுகுக்குப் பின்னால்.

கூட்டத்துக்கு வருவார், பாதியில் சுவரில் சாய்ந்துவிடுவார். மே மாதக் களப்பணி என்றால் வரவே மாட்டார். ஒரு வருடம் கழித்துத்தான் அவருக்கு மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்று தெரிந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய் இது. மேல் ரப்பர் உரிந்த வயர் மாதிரி, நரம்பில் போகும் செய்தி தடுமாறும். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி இதன் முக்கிய அறிகுறி. உடம்பு சூடேறினால் பலருக்கு அது இன்னும் கூடும்.

தெரிந்த பிறகும் "எக்சர்சைஸ் பண்ணுங்க தோழர், சரியாயிடும்" என்றோம். அதில் பாதிதான் உண்மை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்த நோயாளிகளை உடற்பயிற்சி வேண்டாம், ஓய்வெடுங்கள் என்றார்கள். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வாரம் 3 நாள், 40 நிமிடம் என 15 வாரம் பயிற்சி செய்தவர்களின் உடல்திறன் கூடியதைக் காட்டியது. அளவான பயிற்சி அசதியையும் ஓரளவு குறைக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. நோய் குணமாகாது.

சரி, நடக்கச் சொன்னோமே, எங்கே நடப்பது? காலனித் தெரு சாக்கடையில் முடிகிறது. ஊர்த்தெருவில் நம் பெண் ஒருத்தி காலையில் சும்மா நடந்தால், எங்கே போகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். தகரக் கூரை வீட்டுக்குள் எட்டு மணிக்கே அனல்.

அதனால் விடிகாலையில் படிப்பகத்தைத் திறந்து வைத்தோம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறார். கழுத்தில் ஈரத்துண்டு. பத்து நிமிடம் செய்வார், ஓய்வெடுப்பார், மறுபடி பத்து நிமிடம். கூட்டங்களையும் வெயில் தாழ்ந்த பிறகு வைக்கிறோம். அசதி போய்விடவில்லை. ஆனால் இப்போது பல நாள் கூட்டம் முடியும்வரை இருக்கிறார், எங்களோடு சண்டையும் போடுகிறார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயும் உண்டு. சான்றிதழுக்குப் போனபோது, "நல்லாத்தானே நடக்கிறீங்க?" என்றார் ஓர் அலுவலர். எங்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நாங்கள்தான் என்பதும் உறைத்தது.

அடுத்தவர் அசதியைக் கண்ணால் அளந்து தீர்ப்புச் சொல்வது பண்ணையார் புத்தி. அதை நம் அமைப்புகளுக்குள் விடக்கூடாது. யாராவது சுவரில் சாய்ந்தால் முதலில் ஒரு நாற்காலி போடுங்கள், தோழர்களே. எந்த நேரம் அவருக்குத் தோதுப்படும் என்று கேளுங்கள்.