ஒரு வருடம் மிச்சம்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைப்பவர்களும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் இரவு ஒன்பதரைக்குப் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறான். மகள் அமெரிக்காவில் பன்னாட்டு உறவுகள் பி.ஏ. மூன்றாம் வருடம் படிக்கிறாள். பாதிக்கு மேல் அங்கேயே கொடுக்கும் உதவித்தொகை, மீதி பாங்க் கடன்.

"சார், நாலும் ஒண்ணும்னு ஒரு படிப்பு இருக்காம். இப்பவே விண்ணப்பம் போட்டா அஞ்சு வருஷத்துல எம்.ஏ.வும் முடிஞ்சிடுமாம். ஒரு வருஷம் மிச்சம். போடச் சொல்லட்டுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1986-ல் இவனை ஆறாம் வகுப்பிலிருந்து நேராக எட்டாம் வகுப்புக்கு அனுப்பலாம் என்று தலைமையாசிரியரிடம் வாதாடியவன் நான்தான். டபுள் புரமோஷன். அப்பா இல்லாத வீடு. படிப்பு சீக்கிரம் முடிந்தால் வேலையும் சீக்கிரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். தமிழிலும் வரலாற்றிலும் பையன் படு சூட்டிகை. ஆனால் தாண்டிப் போகிற ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று இந்த வரலாற்று வாத்தியார் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, மறுபடி எழுதித் தேறினான். மிச்சம் பிடித்த வருடம் அங்கேயே போய்விட்டது. அவன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

"ரெண்டு நாள் டைம் குடுப்பா, பாப்பாகிட்ட நானே பேசுறேன்" என்றேன். அந்த இரண்டு நாளில் படித்ததையும் அவளிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏற்பாடு என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் இளங்கலைக்கு நான்கு வருடம், பொதுவாக 120 கிரெடிட். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். பன்னாட்டு உறவுகளில் முதுகலை இரண்டு வருடம். மூன்றாம் வருடத்திலேயே விண்ணப்பித்து இடம் வாங்கிவிட்டால், நான்காம் வருடத்தில் மூன்று நான்கு பாடங்களை முதுகலை வகுப்பில் போய்ப் படிக்கலாம். அந்த 9 அல்லது 12 கிரெடிட் இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கில் வரும். மீதியை ஐந்தாம் வருடத்தில் முடிக்கலாம். பல இடங்களில் தனி நுழைவுத் தேர்வும் கேட்பதில்லை. ஜார்ஜ்டவுன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களிலும் இந்த மாதிரி வழி உண்டு. ஏமாற்று வேலை இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஒரு வருடக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் மிச்சம் என்பது கடன் வாங்கிய வீட்டுக்குச் சின்ன விஷயமா?

ஆனால் இந்த முறை நான் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தாண்டிப் போகிற வருடத்துக்குள் என்னென்ன இருக்கிறது?

ஒன்று, கோடை விடுமுறை. இரண்டு வருட முதுகலையில் நடுவில் ஒரு கோடை வரும். தூதரகம், ஐ.நா. அமைப்பு, ஆய்வு நிறுவனம் என்று எங்காவது மாணவர்கள் இன்டர்ன்ஷிப் போவது அப்போதுதான். இந்தத் துறையில் முதல் வேலை பலருக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. ஐந்தாம் வருடத்தோடு முடிப்பவர்களுக்கு அந்தக் கோடை இல்லை.

இரண்டு, கூடப் படிப்பவர்கள். இந்தப் பள்ளிகள் பிறந்ததே போர்களின் பாடத்தால்தான். முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919-ல் வேல்ஸில் அபெரிஸ்ட்வித்தில் இந்தத் துறை தொடங்கியது. அதே வருடம் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனின் வெளியுறவுப் பள்ளி. 1933-ல் ஃபிளெட்சர் பள்ளி. இரண்டாம் போர் நடக்கும்போதே 1943-ல், இப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸோடு இருக்கும் சைஸ். தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் பள்ளிகள் இவை. இரண்டு மூன்று வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் அங்கே அதிகம். அகதி முகாமில் இருந்தவர், ராணுவத்தில் இருந்தவர், பத்திரிகையில் இருந்தவர் நடுவே இருபத்தோரு வயதுப் பெண் உட்கார்ந்தால் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கும், சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கும்.

மூன்று, விசா. எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்கு ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஓ.பி.டி. என்பார்கள். பி.ஏ. முடித்ததும் நேராக எம்.ஏ.வுக்குள் போனால் பி.ஏ.வுக்கான அந்த 12 மாதம் எடுக்காமலே போய்விடும். கணினி, பொறியியல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் பொதுவாக இந்தப் படிப்புக்குக் கிடையாது. அமெரிக்க அரசாங்க வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டும்தான். கடனைக் கட்ட வேண்டிய வீட்டுக்கு இது முக்கியமான கணக்கு.

நான்கு, எம்.ஏ. எதற்கு என்ற கேள்வி. நம் ஐ.எஃப்.எஸ். பணிக்கு யூ.பி.எஸ்.சி. கேட்பது ஒரு பட்டம், குறைந்தது 21 வயது, அவ்வளவுதான். முதுகலை கட்டாயமில்லை. நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கல்லூரியில் படித்தது வேதியியல். அரசியலும் பன்னாட்டு உறவுகளும் பிறகு டெல்லி ஜே.என்.யூ.வில் படித்தவை. ஐ.நா.வின் இளம் அலுவலர் தேர்வுக்கும் முதல் பட்டம் போதும். ஆராய்ச்சி, கொள்கை நிறுவனங்கள் என்று போனால் எம்.ஏ. வேண்டும். எங்கே போகப் போகிறோம் என்று தெரிந்தால்தான் அவசரம் அவசியமா என்று தெரியும்.

பாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், "தாத்தா, எனக்கு எம்.ஏ. இப்பவே வேணும்னு இல்ல. அப்பாவுக்கு ஒரு வருஷக் கடன் குறையட்டும்னுதான் பார்த்தேன்" என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 1986-ல் நான் போட்ட அதே கணக்கு.

அலுவலகத்தில் மூன்று கேள்வி கேட்டு வரச் சொன்னேன். உதவித்தொகை ஐந்தாம் வருடத்துக்கும் உண்டா? நான்காம் வருடத்துக்குப் பிறகு வேண்டாம் என்று விலகினால் பி.ஏ.வுக்குப் பாதிப்பு வருமா? நடுவில் ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பலாமா?

நேற்று பதில் வந்தது. உதவித்தொகை நான்கு வருடத்தோடு சரி. ஐந்தாம் வருடம் முழுக் கட்டணம். விலகினாலும் பி.ஏ. பத்திரமாக இருக்கும். ஒரு வருடம் தள்ளிப்போட அனுமதி கேட்கலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை. வேறு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தால், ஏற்கெனவே பி.ஏ.வுக்குக் கணக்கான அந்தப் பாடங்கள் அங்கே மறுபடி செல்லுமா என்பதும் சந்தேகம்.

ஆக, மிச்சம் என்று அப்பா நினைத்தது ஒரு கணக்கு. எம்.ஏ.வையே இப்போதைக்கு ஒத்திவைத்து, பி.ஏ.வோடு ஒரு வருடம் சம்பாதித்தால் வருவது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுதி அப்பாவும் மகளும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போடு என்றோ வேண்டாம் என்றோ இந்த முறை நான் சொல்லவில்லை.

கடைசியில் அவள் அப்பாவிடம் பழைய கதையையும் சொன்னேன். சிரித்தான். "அல்ஜீப்ரா வரலைன்னா என்ன சார், கடைக் கணக்குல நான் இன்னிக்கு வரைக்கும் தப்பு பண்ணதில்ல" என்றான். பெருந்தன்மையான பிள்ளை.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் பிள்ளைகள் யாராவது, இப்படி ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் முடித்திருந்தால் எனக்கு மெசஞ்சரில் எழுதுங்கள். லாபம், நஷ்டம் இரண்டையும் எழுதுங்கள். பாப்பாவிடம் அப்படியே சேர்த்துவிடுகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.
உங்கள் வரலாற்று வாத்தியார்