கன்னத்தில் கை வைத்த போதிசத்துவர்

கொரியா என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "அவங்களும் அம்மாவை ஓம்மாங்கறாங்க, அப்பாவை அப்பாங்கறாங்க, தெரியுமா?" அப்புறம் இங்கிருந்து கடல் கடந்து போன ராணியின் கதை. குழந்தை முதலில் குழறும் ம, ப சத்தங்கள் பல மொழிகளில் இப்படித்தான் அம்மா அப்பா ஆகின்றன என்று சொன்னால் கோபம் வரும். ராணி கதையோ 13ம் நூற்றாண்டு நூல் ஒன்றில் வருவது. அதிலுள்ள 'ஆயுதா' எந்த ஊர் என்பதில் ஆளுக்கொரு கட்சி. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். கொரியாவுக்கும் நமக்கும் சந்தேகமே இல்லாத உறவு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அதன் தொடக்கத்தைப் பார்க்க எனக்குக் கொல்கத்தாவில் மெட்ரோ டிக்கெட் போதும். சௌரங்கியில் இருக்கும் இந்தியன் மியூசியத்தில் (இங்கே ஜாதுகர் என்பார்கள்) பார்ஹுத் ஸ்தூபியின் கல்வேலி இருக்கிறது. கி.மு. 2ம் நூற்றாண்டு வேலை. 1873ல் கன்னிங்ஹாம் கண்டெடுத்தது. யானை, மரம், யட்சி, ஜாதகக் கதைகள் என்று செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். புத்தரை மட்டும் காணோம்! ஒரு தூணில் அஜாதசத்ரு மன்னன் மண்டியிட்டுக் கும்பிடுகிறான். பகவானை வணங்குகிறான் என்று எழுத்தும் இருக்கிறது. எதிரே இருப்பது ஒரு காலி ஆசனமும் பாதச்சுவடும்தான். ஏன் உருவம் இல்லை என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில் மதுராவிலும் காந்தாரத்திலும் அந்த ஆசனத்தில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். நின்றார், அமர்ந்தார், தியானித்தார். அந்த உருவங்களுக்கு நடுவே ஒருவர் வலது காலைத் தூக்கி இடது முழங்கால் மேல் போட்டு, விரலைக் கன்னத்தில் வைத்து யோசிக்கிறார். மத்திய ஆசியா வழியாக இவர் சீனா போனார். அங்கே சில சிலைகளில் 'சிந்திக்கும் இளவரசர்' என்றே எழுதி வைத்தார்கள். உழவுத் திருநாளன்று ஜம்பு மரத்தடியில், அதாவது நம்ம நாவல் மரத்தடியில், சிறுவன் சித்தார்த்தன் முதன்முதலாக யோசனையில் ஆழ்ந்தானே, அந்தக் கதையின் நினைவு அது.

கொரியாவின் கோகுர்யோ அரசுக்கு 372ல் வட சீன மன்னன் ஒரு துறவியையும், கூடவே சிலைகளையும் சூத்திரங்களையும் அனுப்பினான். 384ல் பெக்ஜே அரசுக்கு மாரானந்தர் என்ற துறவி வந்தார். இந்தியர் என்று மரபு சொல்கிறது. ஷில்லா அரசு 527 வரை முரண்டு பிடித்தது. அதற்கப்புறம் ஒரு நூறு வருஷத்துக்குள் கொரியச் சிற்பிகள் அந்த யோசிக்கும் இளைஞனை எங்கே கொண்டு போய்விட்டார்கள் பாருங்கள்! சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் 2021 நவம்பர் முதல் இரண்டே சிலைகளுக்கு என்று ஒரு தனி அறை. இரண்டும் தங்க முலாம் பூசிய வெண்கலம். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பெரியது மூன்றடி உயரம். தலையில் எளிமையான கிரீடம், வெற்று மார்பு, கன்னத்தைத் தொட்டும் தொடாத விரல், உதட்டோரம் மெல்லிய சிரிப்பு.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று வளர்க்கப்பட்டவன் நான். இந்தச் சிலையில் கவலையின் சாயலே இல்லை. முகமும் இந்திய முகம் இல்லை, சுத்தமான கொரிய முகம். இந்தியாவில் பத்தோடு பதினொன்றாக இருந்த உருவம், போன இடத்தில் அந்நாட்டின் பொக்கிஷம் ஆகிவிட்டது.

இது என்னைத் தொடக் காரணம் உண்டு. என் பெண் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாக்கியம் முடியும் இடத்தில் வங்காள இழுப்பு வந்துவிடும். "என்னடா, புள்ள பேச்சே மாறிப்போச்சு" என்று அம்மா போனில் ஒவ்வொரு வாரமும் வருத்தப்படுவாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நான் கொண்டு வந்ததில் அவளிடம் எவ்வளவு மிஞ்சும்? ஐந்தொகை போட்டால் பற்றுப் பக்கம்தான் கனக்கிறது. அந்தச் சிலையைப் பார்க்கும்போது மட்டும், முகம் மாறினாலும் யோசனை மாறவில்லையே என்று தோன்றுகிறது.

எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். ஹ்யேச்சோ என்ற ஷில்லா துறவி 720களில் இந்தியா முழுக்கச் சுற்றினார். அவருடைய பயணக் குறிப்பில் தென்னிந்தியப் பகுதி வரும் இடத்தில், ஊரை நினைத்து ஏங்கி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். 727ல் மத்திய ஆசியா வழியாகச் சீனா திரும்பியவர், கடைசிவரை அங்கேயே இருந்து இறந்தார். சொந்த ஊர் போகவே இல்லை. துன்ஹுவாங் குகையில் கிடந்த அந்தச் சுவடியை 1908ல் பெலியோ என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்தார். இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

2010 டிசம்பரில் ஒரு கண்காட்சிக்காக அந்தச் சுவடி முதன்முறையாக சியோல் வந்தது. அதுவும் கடனாகத்தான். சில மாதங்களில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடன் கொடுத்து வசூலிக்கும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவன் நான். எனக்கே இந்தக் கணக்கு மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை.