சீசரின் முகமும் வெள்ளியின் எடையும்

உரோமை நகரின் கப்பித்தோல் குன்றின்மேல் வானகப் பீடத்து அன்னை மரியாவின் ஆலயம் அமைந்துள்ளது. கொள்ளைநோயிலிருந்து மீட்கப்பெற்றதற்கு நன்றியாக 1348-இல் எழுப்பப்பெற்ற நெடிய பளிங்குப் படிக்கட்டில் ஏறி, அன்னையை வணங்கி நின்றோம். முற்காலத்தில் இதே குன்றில் ஜூனோ மொனேத்தா என்னும் தேவதையின் கோயில் இருந்தது. அதனை அடுத்தே உரோமைக் குடியரசின் அக்கசாலை இயங்கிற்று. பணத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'மணி' என்ற சொல், இந்த மொனேத்தா என்ற பெயரின் வழிவந்ததேயாகும்.

அங்கு அடிக்கப்பெற்ற காசுகளைக் காணும் ஆவலோடு, தெர்மினி இரயில் நிலையத்திற்கு அருகிலுள்ள மாசிமோ மாளிகை அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். அதன் நிலவறையில், கண்ணாடிப் பேழைகளுக்குள், உரோமையின் வரலாறே வெள்ளி வட்டங்களாகக் கிடந்தது.

தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு ஏறத்தாழ கி.மு. 211-இல் தோன்றியது. தொடக்கத்தில் அதன் ஒரு புறம் தலைச்சீரா அணிந்த உரோமைத் தேவியின் தலையும், மறுபுறம் குதிரைமேல் விரையும் இரட்டைத் தேவர்களும் பொறிக்கப்பட்டிருந்தனர். உயிரோடிருக்கும் மனிதனின் முகத்தைக் காசில் பொறிப்பது அந்நகரின் மரபன்று. அம்மரபை மீறி, கி.மு. 44-இல் ஜூலியு சீசரின் முகம் காசில் இடம்பெற்றது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே அவர் கொலையுண்டார். கொன்றவருள் ஒருவரான புரூட்டு பின்னர் வெளியிட்ட காசில், இரு குத்துவாள்களும் அவற்றினிடையே விடுதலையின் அடையாளமான குல்லாயும் விளங்குகின்றன. அக்காசின் மறுபுறத்திலோ புரூட்டுவின் முகமே பொறிக்கப்பட்டுள்ளது! பிறர் முகத்தை வெறுத்தவரும் தம் முகத்தை விட்டுவிட இயலவில்லை.

திபேரியு மன்னரின் தெனாரியம் நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. அவரைத் தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் மகன் எனக் காசின் எழுத்துகள் கூறுகின்றன. மறுபுறம், செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். வரி கொடுப்பது முறையா என்று வினவியவர்களிடம் ஆண்டவர் கேட்டு வாங்கிப் பார்த்தது இத்தகைய காசே என்பது பலர் கருத்து. தெய்வத்தின் மகன் என்று செதுக்கப்பட்ட வெள்ளித்துண்டு, உண்மையான இறைமகனின் கண்முன் நீட்டப்பட்டது. அவரோ அதிலுள்ள உருவம் யாருடையது என்பதையே முதலில் கேட்டார்.

உருவத்தைப் பற்றி வேறொரு செய்தியும் உண்டு. கிளாதியு மன்னரின் காலத்தில் (கி.பி. 41–54) உரோமையர் ஒருவர் காற்றினால் அலைக்கப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தார். அவரிடமிருந்த தெனாரியங்களைக் கண்ட அத்தீவின் அரசர், முகங்கள் வெவ்வேறாக இருந்தும் காசுகளின் எடை ஒன்றாகவே இருப்பது கண்டு உரோமையரின் நேர்மையை வியந்தார் என்று பிளினி எழுதியுள்ளார்.

அந்நேர்மை நீடிக்கவில்லை. கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ மன்னர் தெனாரியத்தின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். பின்வந்த பலரும் அவ்வழியே சென்றனர். கல்லியெனு மன்னரின் ஆட்சி முடிவில் (கி.பி. 268), வெள்ளிக்காசு என வழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்பின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டுமே இருந்தது. ஆயினும் மன்னரின் தலையும் அதன்மேல் கதிர்முடியும் முன்போலவே பொறிக்கப்பட்டன.

கோவையை அடுத்த வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த உரோமை வெள்ளிக்காசுகளுள் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகியோருடையவை. வெள்ளி குறைந்த பிற்காலத் தெனாரியங்கள் நம் நாட்டில் அரிதாகவே கிடைக்கின்றன. நம் வணிகர் முகத்தைப் பாராது வெள்ளியையே பார்த்து வாங்கினர் என அறிஞர் கருதுவர்.

அன்பார்ந்த வாசகர்களே, கடவுள் தம் சாயலை நம்மில் பொறித்தார். திருமுழுக்கில் அழியாத முத்திரையையும் இட்டார். நம் இல்லங்களில் திரு இருதயப் படம் விளங்குகிறது. மாலையில் செபமாலை ஒலிக்கிறது. ஆனால் அவ்வீட்டிலேயே வேலையாளின் கூலி நாள்கணக்கில் நிலுவையில் நிற்கிறதா? பாகப்பிரிவினையில் உடன்பிறந்தவளின் பங்கு மறைக்கப்படுகிறதா? அங்ஙனமாயின் முகம் தெளிவாக இருக்கிறது, வெள்ளிதான் குறைந்துவிட்டது. பீடத்தில் நின்று போதிக்கும் நமக்கும் இதே சோதனை உண்டு என்பதை அஞ்சியே எழுதுகிறோம்.

கண்ணாடிப் பேழையைவிட்டு அகலுமுன் திபேரியுவின் காசை மீண்டும் ஒருமுறை நோக்கினோம். பல கைகளில் புழங்கியதால் அதில் முகம் தேய்ந்திருந்தது. மூக்கும் நெற்றியும் மழுங்கியிருந்தன. ஆயினும் அது வெள்ளியாகவே இருந்தது. உழைத்துத் தேய்ந்த பெற்றோரின் முகங்கள் அப்போது நம் நினைவுக்கு வந்தன. இறுதி நாளில் இறைவனின் கையில் நாமும் அவ்வாறே காணப்பட வேண்டுமென மன்றாடி வெளியேறினோம்.