கதவிடுக்கு வெளிச்சம்

மக்கா, நேற்று 90 அடி ரோட்டில் செல்போன் திருடின பையனைக் கூட்டம் அடித்தபோது, "இவனெல்லாம் பிறவித் திருடன் தாத்தா" என்றாய். அந்தச் சொல் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

தேவசாயலில் உண்டானவன், பாவத்தில் விழுந்தவன். மனுஷனைப் பற்றி நம் வேதம் சொல்லுகிற இந்த இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை. சின்ன வயதிலிருந்தே பிரசங்கத்தில் கேட்டதுதான். எனக்கு உறைத்தது 1993 ஜனவரியில் ஒரு ராத்திரி.

டிசம்பரில் பற்றின இந்து-முஸ்லிம் கலவரம் மறுபடி மூண்டிருந்தது. அந்த இரண்டு மாசத்தில் மும்பையில் சுமார் 900 பேர் செத்தார்கள் என்று அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பிறகு சொன்னது. நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். "அண்ணாச்சி, பிள்ளைகளை மட்டுமாவது உள்ள விடுங்க." தோல் பட்டறையில் வேலை பார்த்த பாய், அவரும் நம்ம திருநெல்வேலிப் பக்கம்தான். மாவுக் கையோடு தாழ்ப்பாளைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டேன். நாலு தரம் தட்டினார். பிறகு சின்னக் காலடிகள் சந்துக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நற்கருணை வாங்கினேன், மக்கா.

பேதுருவும் குளிருக்கு நெருப்புக் காய்ந்துகொண்டேதான் மூன்று தரம் மறுதலித்தான். ஆண்டவர் அதை மறந்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. மூன்று தரம் அன்பைக் கேட்டார், அவன் மனசு நோகும்வரை கேட்டார். கேட்டுவிட்டு, ஆடுகளை அவன் கையிலேயே ஒப்படைத்தார். தப்பைத் தப்பில்லை என்று மூடுவதற்குப் பெயர் இரக்கம் இல்லை. 1995இல் மத்தியப் பிரதேசத்தில் ஏழைகளுக்காக நின்ற ராணி மரியா என்ற கன்னியாஸ்திரியை, பஸ்ஸில் வைத்துக் குத்திக் கொன்றான் சமுந்தர் சிங். ஜெயிலுக்குப் போனான். 2002இல் அவளுடைய கூடப்பிறந்த தங்கை செல்மி, அவளும் கன்னியாஸ்திரிதான், ஜெயிலுக்கே போய் அவன் கையில் ராக்கி கட்டினாள். 2006இல்தான் அவன் வெளியே வந்தான். அக்காளைக் கொன்ற கையைப் பிடித்து முடிச்சுப் போட அவள் விரல் எப்படி நடுங்கியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

கலவரம் நடந்த அதே 1993 மார்ச்சில் ஒரு நடுராத்திரி, என் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. டாக்சி கிடைக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த பாய், பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிவரை ஓடினார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, "பாய், அன்னைக்கு ராத்திரி நான்..." என்று ஆரம்பித்தேன்.

"முழிச்சிருந்தீங்கன்னு தெரியும் அண்ணாச்சி. கதவிடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுது. பிள்ளைகளோட விடியவிடியத் தோல் குவியலுக்குள்ள கிடந்தோம். அந்த வெளிச்சத்த நெனச்சு ரொம்ப அழுதேன்" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்துபோய், இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். உள்ளே கட்டிலில் உன் அம்மா கண் முழித்திருந்தாள்.