வேறு மருந்து: இல்லை

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று மருந்து ஆய்வுக்கு ஆள் எடுத்த டாக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். பொய் சொன்னேன்.

கூட்டேரிப்பட்டில் சென்னை பஸ் ஏறும்போதே அந்தப் பொய்யை முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்குக் காசநோய். வீட்டிலிருக்கும் எங்களுக்கும் வராமல் தடுக்க, வாரம் ஒரு வேளையாக 12 வாரத்துக்கு ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் இலவசமாகத் தந்தார்கள். கடைசி வேளையை விழுங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ரிஃபாபென்டின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அந்த நிறம் தெளியும்வரை காத்திருந்துதான் ஆய்வின் ஸ்கிரீனிங்குக்குப் போனேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கியிருந்தது; ஆய்வில் சேர்ந்தால் கிடைக்கும் பணம் தேவைப்பட்டது. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

ஒரு மருந்தோடு இன்னொன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நோயில்லாத எங்களிடம் பார்த்தார்கள். முதல் சுற்றில் ஒரு மருந்து மட்டும். இரண்டு வாரம் கழித்து இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு சுற்றிலும் மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுத்து, அதே ஆளின் இரண்டு அளவையும் ஒப்பிடுவார்கள்.

இப்போது ஊரிலேயே மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். நான் செய்தது என்னவென்று இங்கே வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. ரிஃபாபென்டின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். நிறுத்தினாலும் அந்த வேகம் அடங்க இரண்டு வாரம்போல ஆகும். முதல் சுற்றில் என் உடம்பு மருந்தை வேகமாகச் சிதைத்திருக்கும். அடுத்த சுற்றுக்குள் அடங்கி, ரத்தத்தில் அளவு ஏறியிருக்கும். ஏற்றியது இரண்டாவது மருந்துதான் என்று என் கணக்கு சொல்லும். அது உண்மையில் குறைக்கிற மருந்தாக இருந்தாலோ, அதை என் ரத்தம் மறைத்திருக்கும்.

ஒரு ஆள்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, எச்.ஐ.வி. மருந்தான இன்டினவிரை ரத்தத்தில் 57 சதவீதம் குறைக்கிறது என்று 2000-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அதில் இருந்தவர்கள் எட்டே பேர், எல்லோரும் நோயில்லாதவர்கள். அவர்களில் இருவர் என்னைப்போல் மறைத்திருந்தால் அந்த எண் என்ன ஆகியிருக்கும்?

ஒப்புதல் படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கிறது. படிவம் என் பீரோவில் இருக்கிறது. மூன்று வருடமாக நான் அழைக்கவில்லை. முதல் பொய்யைவிட இதுதான் பெரிய தப்பு. நாளைக் காலை அழைக்கப்போகிறேன்.

இங்கிருந்து பஸ் ஏறிப்போகும் தம்பிகளே, இலவசமாகத் தந்த மாத்திரையும் மாத்திரைதான். கேட்டால் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் திரும்பி வாருங்கள்.