பெயர்ப்பலகையில் தமிழ் வரி

கோலா சாவாவில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் யார் என்று கேட்டால் இன்றும் ஒரு வீட்டைத்தான் கைகாட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் கித்தா (ரப்பர்) வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் கோயில் வளைவு, ஆயாக்கொட்டகை, திருவிழா உபயப் பலகை என்று எழுதி எழுதியே கை பழகியவர். கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து லயங்களும் குறைந்தன. இப்போது சிரம்பானில் மகன் பட்டறை நடத்துகிறார். தமிழ் எழுத்து வரும் வேலைகளை மட்டும் அப்பா பார்த்துக் கொடுக்கிறார்.

அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன்; சாய நெடி இல்லை. கணினி சொன்னபடி ஒட்டுத்தாளை வெட்டித் தள்ளுகிறது ஓர் இயந்திரம். ஒரு மூலையில் அக்ரிலிக் எழுத்துகள் அடுக்கிக் கிடக்கின்றன. இன்னொரு மூலையில் ஒருவர் எழுத்துப் பெட்டிக்குள் எல்.இ.டி. சரத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். பெரியவரின் தட்டைத் தூரிகைகள் ஒரு டின்னில் நிற்கின்றன. தகட்டுக்கு அடிவண்ணம் பூசி, சுண்ணாம்பு தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் எழுத்தை நிறுத்துவாராம்.

“ஐயா, ரூமி எழுத்து ஓரடி உசரம்னா தமிழுக்கும் ஓரடி போதாதா?” என்று கேட்டேன்.

“போதாது தம்பி. ‘கி’க்கு மேல சுழிக்கணும், ‘சு’வுக்குக் கீழ இறங்கணும். ரெண்டையும் அந்த ஓரடிக்குள்ள அடக்குனா நடு எழுத்து பாதிதான் நிக்கும். ரோட்டுல போறவனுக்குத் தெரியாது.”

மலாயை எழுதும் ரோமன் எழுத்துதான் ரூமி. அதில் பெரிய எழுத்துகளில் எழுதிய வரி, கொடுத்த உயரம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். அதே அளவு உயரத்தில் தமிழ் சுருங்கிப்போகும். பலகை அனுமதிக்கான மனு வரைபடத்தில் இரண்டு வரிக்கும் ஒரே அளவு குறித்திருந்தாலும் சுவரில் ஏறியபின் தமிழ் சிறியதாகவே தெரியும். இந்தக் கணக்கு மனுவில் தெரியாது. எழுதும் கைக்கு மட்டுமே அது தெரியும்.

கடை திறப்பவர் வியாபார லைசென்ஸோடு பலகைக்கும் அனுமதி வாங்க வேண்டும். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், துணைவிதி வகுக்கும் அதிகாரத்தை அந்தந்த ஊராட்சி மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. கோலாலம்பூருக்கு 1982-இல் தனி விளம்பரத் துணைவிதிகளே வந்தன. சாரம் இதுதான்: பலகையில் தேசிய மொழி இருக்க வேண்டும், எடுப்பாகத் தெரிய வேண்டும்; அதோடு வேறு மொழியும் எழுதலாம். நீள அகலம், நிறம், கடை முகப்பின் படம் எல்லாம் சேர்த்து மனுப் போட வேண்டும். மலாய் வாசகம் சரிதானா என்று அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா பார்த்து உறுதி செய்யும். கட்டணம் பெரும்பாலும் பரப்பளவைப் பொறுத்தது.

மகன் ஒரு வரைபடத்தை எடுத்துக் காட்டினார். ஒரு மளிகைக் கடைக்காரர் தமிழை மேலே பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். மனு திரும்பி வந்துவிட்டது. “தமிழை எடுத்துருங்க, நமக்கேன் வம்பு” என்றாராம் அவர். பெரியவர் விடவில்லை. கடையின் பெயரையும் ‘கெடாய் ரூஞ்சிட்’ (மளிகைக் கடை) என்பதையும் ரூமியில் பெரிதாக்கி மேலே வைத்தார். தமிழுக்குக் கீழே ஒரு முழு வரி விட்டார். அனுமதி கிடைத்தது. இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் உயர்ந்தது. கடைக்காரரே கைவிட்ட வரியை அவர் காப்பாற்றியிருக்கிறார்.

2024 நவம்பரில், தேசிய மொழி இல்லாத பலகைகள் மீது கோலாலம்பூர் மாநகர் மன்றம் நடவடிக்கை எடுத்தபோது நாடு முழுக்கப் பேச்சானது. அப்போது இந்தப் பட்டறைக்கும் போன் வந்ததாம், தமிழை அழித்துவிடலாமா என்று. அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது விதி மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதே விதி, அதிகாரப்பூர்வ அலுவல் நீங்கலாகப் பிற மொழியைப் பயன்படுத்த யாரையும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தேசிய மொழியை முன்வைக்கச் சொல்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அந்த நியாயத்தை நம் அச்சத்துக்குச் சாக்காக்குவதுதான் பொறுக்கவில்லை.

அச்சத்தைவிடப் பெரிய சேதம் அசட்டையால் வருகிறது. பட்டறையில் கணினி முன் இருந்த மலாய் இளைஞர் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் தமிழ் தெரியாது. வாட்ஸாப்பில் வந்த பெயரை மென்பொருளில் ஒட்டியதும் ‘கொ’ உடைந்து, கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. திரையில் அது அவருக்கு எப்படித் தெரியும்? தாளில் அச்சடித்துப் பெரியவரிடம் நீட்டினார். சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்திலேயே சரியான வடிவத்தைக் கையால் எழுதிக் கொடுத்தார் அவர். அதன் பிறகுதான் இயந்திரம் ஓடியது.

பெரியவர் இல்லாத பட்டறைகளில் அந்தத் தாளை யார் பார்ப்பது? மலாய் வரிக்கு ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. தமிழ் வரிக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு. அஞ்சடி நடைபாதைக்கு மேலே ஏணி வைத்துத் திருகாணி முடுக்கியபின் பிழை தெரிந்தால், கழற்றி மீண்டும் மாட்டும் செலவும் அவருடையதே.

கடை திறக்கப்போகும் தமிழருக்கு ஒரு வேண்டுகோள். மனுவில் தமிழ் வரியையும் சேர்த்தே வரையச் சொல்லுங்கள். நடு எழுத்தின் உயரம் என்ன என்று கேளுங்கள். இயந்திரம் ஓடுமுன் தாளில் வாங்கி, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.